ஒப்ரெகோன்: நம் ஊருக்குக் கோதுமை அனுப்பிய மெக்சிகோ நகரம்

எம்.எஸ். சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் மறைந்தபோதும், 2024 பிப்ரவரியில் அவருக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டபோதும் வந்த கட்டுரைகள் பலவற்றில் ‘மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைக் கோதுமை’ என்ற வரி இருந்தது. மெக்சிகோவில் எந்த ஊர், மக்காச்சோளம் சாப்பிடுகிற நாட்டில் கோதுமைக்கு என்ன வேலை என்று யாரும் விளக்கவில்லை. இன்னொரு பக்கம், அதே வட்டாரத்திலிருந்து வரும் செய்திகள் வேறு மாதிரி இருக்கின்றன: வறண்ட அணைகள், நெடுஞ்சாலையை மறிக்கும் பழங்குடி மக்கள், போதைக் கும்பல்களின் கொலைகள். இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவைதான். சொனோரா மாநிலத்தின் சியுதாத் ஒப்ரெகோன் அது.

கோதுமையின் கதையைத் தண்ணீரின் கதையிலிருந்து பிரித்துச் சொல்வதால்தான் இந்த ஊர் புரியாமல் போகிறது என்பது என் கருத்து. அங்கே போகிறவர் முதலில் அணையைப் பார்க்கவேண்டும், அப்புறம் வாய்க்காலை, அதற்கும் பிறகுதான் வயலை. இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

## ஊர் எங்கே இருக்கிறது

சொனோரா மெக்சிகோவின் வடமேற்கு மூலை. வடக்கே அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், மேற்கே கலிபோர்னியா வளைகுடா. மாநிலத் தலைநகர் எர்மோசியோவிலிருந்து தெற்கே சுமார் 250 கிலோமீட்டர் போனால் ஒப்ரெகோன். 2020 கணக்கெடுப்பின்படி நகரத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 லட்சத்து 30 ஆயிரம்.

நூறு வருடத்துக்குச் சற்றுக் கூடுதலான வயதுதான் இந்த ஊருக்கு. ரயில் நிலையமாகத் தொடங்கி, சுற்றியிருந்த நிலத்துக்கு வாய்க்கால் வந்ததால் வளர்ந்தது. முதலில் அதன் பெயர் கஹேமே. யாக்கி பழங்குடியினரை அரசுக்கு எதிராக வழிநடத்தி, 1887-ல் சுட்டுக் கொல்லப்பட்ட தலைவரின் பெயர் அது. 1928-ல் அல்வாரோ ஒப்ரெகோன் கொல்லப்பட்ட பிறகு நகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் மெக்சிகோவின் முன்னாள் அதிபர், இந்தப் பக்கத்தில் கொண்டைக்கடலை விளைவித்த விவசாயி. நகராட்சிப் பகுதிக்கு மட்டும் கஹேமே என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. நிலத்தை இழந்தவர்களின் தலைவர் பெயரும், அந்த நிலத்தில் பாசன விவசாயத்தை வளர்த்தவர் பெயரும் ஒரே முகவரியில் வரும்.

## ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர் மழையில் எப்படி விளைகிறது?

யாக்கி பள்ளத்தாக்கு என்று எழுதுகிறார்கள். ஆனால் அது மலைகளுக்கு நடுவில் கிடக்கும் பள்ளம் இல்லை. யாக்கி ஆறு கடலை நெருங்கும் இடத்தில் வண்டல் கொட்டி உருவான தட்டைச் சமவெளி. மண் களிமண் சார்ந்தது, வளமானது. மழைதான் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பாலும் கோடையின் கடைசி மாதங்களில். கோதுமை வளரும் குளிர்காலத்தில் பெய்வது மிகச் சொற்பம். அதாவது இங்கே விளையும் கோதுமை ஏறக்குறைய முழுக்கவே அணைத் தண்ணீரில் விளைகிறது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்கக் கம்பெனி இந்தச் சமவெளியை அளந்து கூறுபோட்டது. 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் சதுரம் ஒரு ப்ளாக், அதாவது 400 ஹெக்டேர். அதற்குள் பத்துப் பத்து ஹெக்டேராக 40 மனைகள். இன்றைக்கும் ஒரு விவசாயியிடம் நிலம் எங்கே என்று கேட்டால், ப்ளாக் எண்ணைத்தான் சொல்வார். சாலைகளுக்கும் எண்கள்தான் பெயர். விமானத்தில் இறங்கும்போது கீழே தெரியும் சதுரங்கள் அந்தக் கம்பெனி போட்ட கோடுகள்.

கோடு போட்டால் போதுமா, தண்ணீர் வேண்டுமே. அதற்காக ஆற்றின் குறுக்கே மூன்று பெரிய அணைகள் எழுந்தன. 1940களின் தொடக்கத்தில் மேல்பகுதியில் லா அங்கோஸ்துரா, 1952-ல் ஒப்ரெகோனுக்கு வடக்கே ஒவியாச்சிக், 1960களின் நடுவில் இரண்டுக்கும் இடையில் எல் நோவியோ. மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 7,000 மில்லியன் கன மீட்டர் கொள்ளும். நமக்குப் பழகிய கணக்கில் கிட்டத்தட்ட 250 டி.எம்.சி.

இந்தத் தண்ணீரை வாங்கிப் பங்கிடும் நிர்வாகப் பகுதிக்குப் பாசன மாவட்டம் என்று பெயர். இது வருவாய் மாவட்டம் போன்றதல்ல, ஒரே வாய்க்கால் தொகுப்பில் பாயும் நிலங்களின் தொகுப்பு. ஒப்ரெகோனைச் சுற்றியுள்ளது 041-ஆம் எண் மாவட்டம். பரப்பு சுமார் 2 லட்சத்து 25 ஆயிரம் ஹெக்டேர், ஏக்கரில் சொன்னால் ஐந்தரை லட்சம். அக்டோபர் முதல் தேதி அணைகளில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பருவத்துக்கு யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று முடிவு செய்கிறார்கள். அந்த ஒரு நாளின் அளவுதான் டிராக்டர் வாடகையிலிருந்து கூலி ஆட்களின் வேலை வரைக்கும் தீர்மானிக்கிறது.

அளவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போன வருடங்களும் உண்டு. தொடர் வறட்சிக்குப் பின் 2003-04 பருவத்தில் அணைப் பாசனம் கிட்டத்தட்ட நின்றேபோனது. கிணறு உள்ளவர்கள் மட்டும் கொஞ்சம் விதைத்தார்கள். அண்மை வருடங்களின் வறட்சியிலும் விதைப்புப் பரப்பை வெட்டவேண்டி வந்தது.

## கோதுமை ஆராய்ச்சி ஏன் இந்த ஊருக்கு வந்தது

1940களில் மெக்சிகோ தனக்கு வேண்டிய கோதுமையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. ஹெக்டேருக்கு ஒரு டன்கூட விளையவில்லை. முக்கியக் காரணம் துரு நோய்.

துரு நோய் ஒரு பூஞ்சை நோய். தண்டிலும் இலையிலும் செம்பழுப்புக் கொப்புளங்களாக வெடிக்கும். விரலால் தடவினால் இரும்புத் துரு மாதிரியே பொடி ஒட்டும். அந்தப் பொடிதான் பூஞ்சையின் வித்துகள். காற்றில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கும். தண்டுத் துரு வந்தால் கதிருக்குப் போகவேண்டிய சத்து போகாமல், மணி சுருங்கிப் பதராகிவிடும். 1939 முதல் 1941 வரை சொனோராவில் அடுத்தடுத்து இந்த அடி விழுந்தது.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் மெக்சிகோ அரசும் சேர்ந்து நடத்திய திட்டத்தில் வேலை செய்ய 1944-ல் அமெரிக்க வேளாண் விஞ்ஞானி நார்மன் போர்லாக் வந்தார். திட்டத்தின் தலைமையிடம் மெக்சிகோ நகரத்தின் பக்கம். ஆனால் பெரிய அளவில் கோதுமை விளையும் நிலம் வடமேற்கில் இருக்கிறது என்று அவர் 1945-ல் யாக்கி பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய ஆராய்ச்சி நிலையத்தில் தங்கினார். ஜன்னல் கண்ணாடி இல்லை, டிராக்டர் இல்லை. ஏர்ப்பட்டையைத் தன் தோளில் மாட்டி இழுத்து உழுதார். பக்கத்து நிலத்துக்காரர் பார்த்துவிட்டு டிராக்டர் கொடுத்தார்.

அவர் செய்ய விரும்பியது அன்றைய பாடப்புத்தகங்களுக்கு எதிரானது. ஒரே வருடத்தில் இரண்டு இடத்தில் விதைப்பது அவருடைய திட்டம். நவம்பரில் ஒப்ரெகோனில் விதைத்து ஏப்ரலில் அறுத்து, தேறிய செடிகளின் விதையை உடனே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தொலூக்கா பக்கத்து மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய்க் கோடையில் விதைக்கவேண்டும். அங்கே அறுத்ததும் மறுபடி ஒப்ரெகோன். அறுத்த விதைக்கு ஓய்வு வேண்டும் என்றும், எந்த ஊரில் விளைய வேண்டுமோ அந்த ஊரிலேயே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் மற்றவர்கள் வாதிட்டார்கள். மேலதிகாரி மறுத்தபோது போர்லாக் ராஜினாமா செய்யும் அளவுக்குப் போனார். பிறகு அனுமதி கிடைத்தது. இதைத்தான் இருவழிப் பயிர்ப்பெருக்கம் எனலாம். இதனால் கிடைத்தவை மூன்று.

1. காலம் பாதியானது. ஒரு புதிய ரகம் உருவாகப் பத்துத் தலைமுறை தேவை என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு ஒரு தலைமுறை என்றால் பத்து வருடம். வருடத்துக்கு இரண்டு என்றால் ஐந்து.

2. நோய்ச் சோதனை இரட்டிப்பானது. கடல் மட்டத்துக்கு அருகில் உள்ள ஒப்ரெகோனில் தாக்கும் துரு வேறு, 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள தொலூக்காவில் தாக்கும் துரு வேறு. இரண்டிலும் தப்பிய செடிதான் அடுத்த சுற்றுக்குப் போகும்.

3. மூன்றாவது பலனை யாரும் திட்டமிடவில்லை, ஆனால் உலகத்துக்கு அதுதான் பயன்பட்டது. பல பயிர்கள் பகல் நேரத்தின் நீளத்தை உணர்ந்துதான் பூக்கும். ஓர் அட்சரேகையில் நன்றாக வரும் கோதுமை இன்னோர் அட்சரேகையில் காலம் தவறிப் பூத்து வீணாகும். ஒப்ரெகோன் 27 பாகை வடக்கில், தொலூக்கா 19 பாகையில். ஒன்றில் பகல் குறுகிய குளிர்காலம், மற்றதில் பகல் நீண்ட கோடைகாலம். இரண்டிலும் ஒழுங்காகப் பூத்த செடிகளை மட்டும் எடுத்துக்கொண்டே போனதில், பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத கோதுமை தானாகத் தேறி வந்துவிட்டது.

அடுத்த தடை, பயிர் சாய்வது. உரமும் தண்ணீரும் தாராளமாகக் கொடுத்தால் அந்தக் காலத்துக் கோதுமை நெடுநெடுவென வளர்ந்து, கதிரின் கனம் தாங்காமல் தரையில் படுத்துவிடும். விளைச்சல் கூடக் கூடச் சேதமும் கூடும். ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டை ரகத்தை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்வில் வோகல் மற்ற ரகங்களோடு கலந்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து 1950களின் தொடக்கத்தில் போர்லாக் விதை வாங்கினார். அந்தக் கலப்பிலிருந்து 1962-ல் பித்திக் 62, பெஞ்சாமோ 62 ஆகிய முதல் குட்டை ரகங்கள் வெளியாயின. பிறகு சொனோரா 64, லெர்மா ரோஹோ 64.

கலப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். வயலில் அது முதுகு ஒடிகிற வேலை. கோதுமைப் பூ தன் மகரந்தத்திலேயே சூல்கொள்ளும் பூ. அதனால், மகரந்தம் முதிர்வதற்கு முன்பே கதிரின் உமி நுனிகளைக் கத்தரியால் நறுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பூவுக்குள்ளும் இருக்கும் மூன்று மகரந்தப் பைகளையும் இடுக்கியால் கிள்ளி எடுக்கவேண்டும். ஒன்று தவறினாலும் அந்தக் கதிர் வீண். எடுத்து முடித்ததும் மெல்லிய காகித உறை மாட்டி, இரண்டு மூன்று நாள் கழித்து உறையின் மேல்முனையைத் திறந்து, ஆண் கதிரை உள்ளே விட்டுச் சுழற்றி, மறுபடி மடித்து மூடவேண்டும். வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இதை ஆயிரக்கணக்கான கதிர்களுக்குச் செய்தார்கள். உள்ளூர் இளைஞர்கள் பலர் இந்த வேலையில் தேர்ந்தவர்கள். புகழ் வந்தபோது அவர்களுடைய பெயர்கள் வெளியே வரவில்லை. அது பெரிய குறை.

## பஞ்சாபுக்கு ஏன் பொருந்தியது?

மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் விடை எளிது. ஒப்ரெகோன் 27 பாகை, டெல்லி 28 பாகைக்குச் சற்று மேல், லூதியானா 31 பாகைக்குச் சற்றுக் கீழ். இரண்டு பக்கமும் நவம்பரில் விதைப்பு, மிதமான குளிர், ஏப்ரலில் அறுவடை. இரண்டு பக்கமும் வாய்க்கால் பாசனம். பகல் நீளம் பற்றிக் கவலைப்படாத, குட்டையான, துருவைத் தாங்கும் கோதுமை வந்து இறங்கியதும் வேர்பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

கும்பகோணத்தில் பிறந்த சுவாமிநாதன் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து முயற்சி எடுத்து, 1963 மார்ச்சில் போர்லாக் இந்தியாவுக்கு வந்தார். விதைகள் வந்து, சோதனை வயல்கள் தேறின. 1964 முதல் 1967 வரை மத்திய உணவு, வேளாண் துறை பொறுப்பில் இருந்தவர் பொள்ளாச்சிப் பக்கத்தவரான சி. சுப்பிரமணியம். எதிர்ப்புகளுக்கு நடுவே பெரிய அளவில் இறக்குமதி செய்யும் முடிவை அவர்தான் எடுத்தார். 1966-ல் 18,000 டன் விதைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து வந்தது. அந்த மணி செந்நிறமாக இருந்ததால் சப்பாத்திக்கு ஏற்ற நிறம் இல்லை என்று மக்கள் தயங்கினார்கள். சொனோரா 64-ஐக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, வெளிர்நிற மணி கொண்ட ஷர்பதி சொனோரா டெல்லியில் உருவாக்கப்பட்டது. 1964-65-ல் சுமார் 12 மில்லியன் டன்னாக இருந்த இந்தியக் கோதுமை விளைச்சல், 1970 வாக்கில் 20 மில்லியன் டன் ஆனது. அந்த ஆண்டு போர்லாக்குக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் விதையோடு சேர்ந்து வந்தது ஒரு விவசாய முறையும்தான். தண்ணீர் தட்டாமல் கிடைக்கவேண்டும், உரம் நிறையப் போடவேண்டும். யாக்கி பள்ளத்தாக்கில் தேறிய ரகம் அந்தப் பள்ளத்தாக்கின் வசதிகளையே எதிர்பார்க்கும். பஞ்சாபின் நிலத்தடி நீர் இன்றைக்கு இருக்கும் நிலையைப் புரிந்துகொள்ள இது உதவும்.

இந்தியாவோடு இன்னொரு தொடர்பும் உண்டு, அது நோயின் வழியாக வந்தது. கர்னால் கரிப்பூட்டை என்ற கோதுமை நோய், அரியானாவின் கர்னாலில் 1930களின் தொடக்கத்தில் முதலில் அடையாளம் காணப்பட்டது. மணியின் ஒரு பகுதி கரும்பொடியாகி, மீன் நாற்றம் அடிக்கும். 1970களின் தொடக்கத்தில் அது சொனோராவில் தென்பட்டது. விற்பனைக்கும் போக்குவரத்துக்கும் கட்டுப்பாடு வந்ததால், இந்த நோய் அவ்வளவாகத் தாக்காத துரும் கோதுமைக்கு விவசாயிகள் மாறினார்கள். துரும் கடினமான மணி, பாஸ்தாவுக்கும் வட ஆப்பிரிக்காவின் கஸ்கஸுக்கும் உகந்தது. குவாய்மாஸ் துறைமுகம் வழியாக அல்ஜீரியா போன்ற நாடுகளுக்கு அது கப்பல் ஏறுகிறது. ரொட்டிக்கான கோதுமையில் 1956-ல் தன்னிறைவு கண்ட மெக்சிகோ, இன்று அதில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது.

## ஆற்றின் சொந்தக்காரர்கள்

யாக்கி மக்களுக்கு ஆற்றோரம் எட்டுப் பாரம்பரிய ஊர்கள்: கோகோரித், பாகும், தோரிம், வீகாம், போதாம், ராஹும், வீரிவிஸ், பெலேம். ரிச்சர்ட்சன் கோடு போட்ட நிலமும் அணை கட்டிய ஆறும் இவர்களுடையவை. அதிபர் போர்ஃபீரியோ தியாஸின் ஆட்சியில் ராணுவம் இவர்களை வேட்டையாடியது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் வருடங்களில் ஆயிரக்கணக்கானோர் நாட்டின் மறுகோடியான யுகாத்தானுக்குக் கடத்தப்பட்டு, கற்றாழைநார்த் தோட்டங்களில் அடிமைகள் போல வேலை வாங்கப்பட்டார்கள். பலர் அரிசோனாவுக்குத் தப்பி ஓடினார்கள்.

1937-40 காலத்தில் அதிபர் லாசரோ கார்தெனாஸ் நிலத்தின் ஒரு பகுதியை அவர்களுக்கே உறுதிசெய்தார். லா அங்கோஸ்துரா அணையில் தேங்கும் நீரில் பாதி அவர்களுக்கு என்றும் ஆணையிட்டார். தாளில் அது தெளிவான உரிமை. நடைமுறையில், ஒவியாச்சிக் அணைக்குக் கீழே வருடத்தின் பெரும்பகுதியில் ஆறு வெறும் மணல். நீர் முழுவதும் வாய்க்கால்களுக்குத் திரும்பிவிடுகிறது. யாக்கி ஊர்களில் குடிநீரே தட்டுப்பாடு. கடன் வசதியும் இயந்திரமும் இல்லாமல், தங்கள் பாசன நிலத்தை வெளியாருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு அதிலேயே கூலிக்குப் போகும் குடும்பங்கள் பல.

செய்திகளில் வந்த சாலைமறியலின் பின்னணி இது. 2010-ல் மாநில அரசு எல் நோவியோ அணையிலிருந்து தலைநகர் எர்மோசியோவுக்கு நீர் கொண்டுபோகும் குழாய்த் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 75 மில்லியன் கன மீட்டர், அதாவது இரண்டரை டி.எம்.சி.க்குச் சற்று மேல். யாக்கி மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 2013 மே மாதத்தில் மெக்சிகோவின் உச்ச நீதிமன்றம் அவர்களைக் கலந்தாலோசித்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகும் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வீகாம் ஊரில் 15-ஆம் எண் நெடுஞ்சாலையை அவர்கள் மாதக்கணக்கில் மறித்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஒப்ரெகோனின் பெரிய விவசாயிகளும் அந்தக் குழாயை எதிர்த்து யாக்கி மக்களோடு கைகோத்தார்கள். நூறு வருடமாக அதே ஆற்று நீரை எடுத்துக்கொண்டவர்களின் வாரிசுகள், மூன்றாவதாக ஒரு நகரம் கேட்டபோது யாக்கி உரிமையைப் பேசினார்கள். கூட்டணி உண்மையானதுதான், ஆனால் குழாயை நிறுத்தினால் மட்டும் யாக்கி ஊர்களுக்கு அவர்களுடைய பாதி வந்துவிடாது. 2021 செப்டம்பரில் அன்றைய அதிபர் லோபஸ் ஒப்ரதோர் வீகாமுக்கு வந்து, பழைய அட்டூழியங்களுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். நிலம், குடிநீர் ஆகியவற்றுக்கான திட்டமும் அறிவிக்கப்பட்டது.

## உரம் எங்கே போகிறது

1990களில் இங்கே நடந்த ஆய்வுகளின்படி, விவசாயிகள் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 250 கிலோ தழைச்சத்து போட்டார்கள். அதில் முக்கால் பங்கை விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே போட்டு, தண்ணீரும் கட்டினார்கள். உறிஞ்ச வேர் இல்லாத நேரத்தில் போட்ட உரத்தில் ஒரு பகுதி காற்றில் வாயுவாகிறது, ஒரு பகுதி வடிகால் வழியாகக் கடலுக்குப் போகிறது. பாசன நாட்களை அடுத்து கலிபோர்னியா வளைகுடாவில் பாசி படர்வது செயற்கைக்கோள் படங்களில் தெரிவதை 2005-ல் வெளியான ஆய்வு காட்டியது. பூச்சிக்கொல்லி அதிகம் புழங்கும் சமவெளியிலும் அதிகம் இல்லாத மலையடிவாரத்திலும் வாழும் யாக்கிக் குழந்தைகளை ஒப்பிட்டு 1998-ல் வந்த ஆய்வு இன்னும் வேதனையானது. மனித உருவம் வரையச் சொன்னபோது மலையடிவாரக் குழந்தைகள் கை, கால், முகத்தோடு வரைந்தார்கள். சமவெளிக் குழந்தைகள் பலரின் தாளில் கிறுக்கல்களே இருந்தன.

நல்ல மாற்றமும் இதே இடத்தில் நடந்திருக்கிறது. 1980களிலிருந்து இங்குள்ள விவசாயிகள் வயலைத் தட்டையாக நிரவாமல் பார் பிடிக்க, அதாவது நீள மேடுகள் போடத் தொடங்கினார்கள். சுமார் 80 சென்டிமீட்டர் இடைவெளியில் பார், அதன் தலையில் இரண்டு மூன்று வரிசைக் கோதுமை, தண்ணீர் பார்களுக்கு நடுவே உள்ள சாலில் மட்டும். தண்ணீரும் விதையும் மிச்சம், களையை இயந்திரத்தால் எடுக்கலாம். இன்று ஒப்ரெகோன் வயல்களில் பெரும்பாலும் பார்ப்பது இதைத்தான்.

## போக விரும்புகிறவர்களுக்கு

1. மாதம்: நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. மார்ச் மாதத்தில் பயிர் பச்சையிலிருந்து பொன்னிறத்துக்கு மாறும். மே தொடங்கிச் செப்டம்பர் வரை 40 டிகிரியைத் தாண்டும் வெயில்.

2. வழி: மெக்சிகோ நகரத்திலிருந்து விமானம் உண்டு. எர்மோசியோவிலிருந்து பேருந்திலும் வரலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்கள் தனி மெக்சிகோ விசா இல்லாமல் போகும் ஏற்பாடு இருந்துவருகிறது. கிளம்பும் முன் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

3. பாதுகாப்பு: இதைப் பூசி மெழுகக்கூடாது. மெக்சிகோவில் மக்கள்தொகைக்குக் கொலை விகிதம் மிக அதிகமான நகராட்சிகளில் கஹேமேயும் அண்மை வருடங்களில் இடம்பெற்றது. போதைக் கும்பல்களுக்கு இடையேயான சண்டை அது. பகலில் மட்டும் பயணம், உள்ளூர் ஆள் துணை, நெடுஞ்சாலை நிலவரத்தை அன்றன்று விசாரிப்பது ஆகிய மூன்றும் கட்டாயம். தெரிந்தவர் யாருமே இல்லாமல் சுற்றிப் பார்க்க மட்டும் போவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

4. சாப்பாடு: தோர்தியா என்பது அந்த நாட்டுத் தட்டை ரொட்டி. மெக்சிகோவின் மற்ற பகுதிகளில் மக்காச்சோளத் தோர்தியா என்றால் சொனோராவில் கோதுமைத் தோர்தியா. சப்பாத்தியை விட மெல்லிசாக, சிலது முழங்கை வரை நீளும் அகலத்தில் இருக்கும். மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘சின் மான்தேக்கா’, அதாவது கொழுப்பு வேண்டாம், என்று முன்கூட்டியே சொல்லவேண்டும்.

5. ஆராய்ச்சி நிலையம்: போர்லாக் பெயரில் உள்ள நிலையம் நகரத்துக்கு வெளியே ப்ளாக் 910-ல் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய சர்வதேச மக்காச்சோள, கோதுமை மேம்பாட்டு மையமான சிம்மிட், உள்ளூர் விவசாயிகள் பணம் போட்டு நடத்தும் அமைப்போடு சேர்ந்து இங்கே வேலை செய்கிறது. முன் அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். வேறு கோதுமை வயலில் போட்டிருந்த உடையையும் செருப்பையும் துவைக்காமல் கொண்டுபோகாதீர்கள். துருவின் வித்து துணியில் ஒட்டிக்கொண்டு கண்டம் தாண்டும்.

6. அணையும் ஆறும்: ஒவியாச்சிக் நகரத்துக்கு வடக்கே 40 கிலோமீட்டர் அளவில். கரையில் பழைய நீர்மட்டங்களின் வெள்ளைக் கோடுகளைப் பார்க்கலாம். திரும்பும்போது அணைக்குக் கீழே ஆற்றுப் படுகையையும், அதே நீர் ஓடும் பிரதான வாய்க்காலையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

7. கோகோரித், வீகாம்: கோகோரித் ஒப்ரெகோனை ஒட்டியே உள்ளது. அங்கே யாக்கி அருங்காட்சியகம் இருக்கிறது. மற்ற ஊர்களுக்குள் நுழையும் முன் அந்தந்த ஊர்ப் பெரியவர்களின் அனுமதி கேட்பது முறை. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் அவர்களுடைய பெரிய நோன்புக் காலம். முகமூடி அணிந்தவர்களின் ஊர்வலங்களும் மான் நடனமும் நடக்கும், கோதுமை முற்றுவதும் அந்த வாரங்களில்தான். சடங்குகளைப் படம் எடுப்பதோ, ஒலிப்பதிவு செய்வதோ, வரைவதோ கூடாது. கைபேசியை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.